திருவூடலை ஒலியில் சொல்வது

மாட்டுப் பொங்கலன்று மாலையில் திருவண்ணாமலையின் நடுத்தெருவில் ஒரு கணவன் மனைவிச் சண்டை நடக்கும். ஊரே திரண்டு நின்று பார்க்கும். கணவர் அண்ணாமலையார், மனைவி உண்ணாமுலையம்மன். சண்டைக்குக் காரணம் பிருங்கி முனிவர். சிவனைத் தவிர யாரையும் வணங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். அம்மையும் அப்பனும் ஒன்றாக இருந்தபோதுகூட வண்டாக உருவெடுத்து அப்பனை மட்டும் சுற்றி வந்தவர். அப்படிப்பட்டவருக்குக் காட்சி கொடுக்கப் போகிறேன் என்று சுவாமி கிளம்பினால் அம்மனுக்குக் கோபம் வராதா? உற்சவ மூர்த்திகள் இருவரும் எதிரெதிராக முன்னும் பின்னும் ஆடி வருவார்கள். சுந்தரமூர்த்தி நாயனார் தூது போவார். சமாதானம் ஆகாது. அம்மன் கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்வார். சுவாமி அன்றிரவு குமரக்கோயிலில் தங்கி, மறுநாள் காலை மலையை வலம் வந்து, பிருங்கிக்குக் காட்சி தந்துவிட்டுத் திரும்புவார். அதன்பிறகுதான் மறுவூடல், சமாதானம். இது நடக்கிற தெருவுக்கே திருவூடல் தெரு என்று பெயர்.

இந்த அத்தியாயத்தில் இந்தக் கதையைப் பதினெட்டு, இருபது நிமிட ஒலிப்படைப்பாகச் செய்யப் போகிறோம். கேட்பவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால் அந்தத் தெருவில் நிற்க வேண்டும். யாரும் விளக்கம் சொல்லாமலே கதை அவருக்குப் புரிய வேண்டும்.

திருவண்ணாமலையில் ஒலிப்பதிவு என்றதும் எல்லோரும் கார்த்திகை தீபத்துக்குத்தான் கிளம்புகிறார்கள். முதல் முயற்சிக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள். தீபத்தின் உயிர், 2,668 அடி உயர மலையின் உச்சியில் மாலை ஆறு மணிக்குத் தெரிகிற சுடர். அது கண்ணுக்கு உரிய நிகழ்ச்சி. அந்த நொடியில் மைக்குக்குக் கிடைப்பது ஒரே ஒரு பெரிய அரோகரா முழக்கம். முழக்கம் எத்தனை பெரியதாக இருந்தாலும் அது கதை ஆகிவிடாது. திருவூடலில் ஓட்டம் இருக்கிறது, தயக்கம் இருக்கிறது, சாத்தப்படும் கதவு இருக்கிறது, ஒரு வண்டு இருக்கிறது. இதெல்லாம் காதுக்கென்றே அமைந்த விஷயங்கள்.

பாடம் பக்கத்திலேயே இருக்கிறது

ஒலிச்சூழல் பற்றிப் பேசும் நூல்கள் பெரும்பாலும் கனடாவின் ஆர். மரே ஷேஃபரிடமிருந்து தொடங்கும். வான்கூவரில் அவருடைய குழு 1970களில் ஊர்களின் ஒலிகளைப் பதிவு செய்து ஆராய்ந்தது. 1977இல் அவர் எழுதிய நூல் இத்துறையின் அடிப்படை நூலாயிற்று. படிக்க வேண்டிய நூல்தான். ஆனாலும் நம் வேலைக்கு அதைவிட நேரடியான ஆசான் திருவண்ணாமலைக்கு மேற்கே சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கிறார். இன்றைய செங்கம்தான் சங்க காலத்துச் செங்கண்மா. அங்கே ஆண்ட நன்னனைப் பற்றிப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் பத்துப்பாட்டில் ஒன்று. 583 அடிகள் கொண்டது. பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் ஆற்றுப்படை அது. அதன் நடுவில் நன்னனின் மலையில் கேட்கும் ஒலிகளை, ஏறத்தாழ இருபது ஒலிகளை, புலவர் வரிசையாக அடுக்கிக்கொண்டே போகிறார்.

அவர் எப்படி அடுக்குகிறார் என்று கவனியுங்கள். அருவி ஒலிக்கிறது, யானை பிளிறுகிறது என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடுவதில்லை. முள்ளம்பன்றி தாக்கிய கானவனின் முனகல் கேட்கிறது. புலி கீறிய கணவனின் புண் ஆற மனைவி பாடும் பாட்டு கேட்கிறது. குட்டியைப் பள்ளத்தில் தவறவிட்ட மந்தி சுற்றத்தோடு கதறுகிறது. யாரும் ஏற முடியாத உச்சியில் தேன் எடுத்தவர்கள் ஆரவாரம் செய்கிறார்கள். தினைப்புனத்தில் கிளி ஓட்டுகிறார்கள், தினை குற்றுகிறவர்கள் வள்ளைப்பாட்டு பாடுகிறார்கள், கரும்பாலை சத்தம் போடுகிறது, கிழங்கைத் தோண்ட வரும் பன்றியை விரட்டப் பறை அடிக்கிறார்கள். ஒவ்வொரு ஒலிக்குப் பின்னாலும் ஓர் உயிர் இருக்கிறது; அதற்கு ஒரு வேலையோ வலியோ மகிழ்ச்சியோ இருக்கிறது. கேட்கும்போதே என்ன நடந்தது என்று ஊகிக்க முடிகிறது.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே விதியின் மேல்தான் நிற்கிறது: யார், என்ன செய்கிறார், எவ்வளவு தொலைவில் என்ற மூன்று கேள்விக்கும் பதில் சொல்லாத ஒலியை உங்கள் படைப்பில் சேர்க்காதீர்கள். இணையத்திலிருந்து இறக்கிய கோயில் மணி ஓசை இந்தச் சோதனையில் முதலிலேயே தோற்றுவிடும். யார் அடித்த மணி, எந்தக் கோயில், எந்த வேளை என்று எதற்கும் அதனிடம் பதில் கிடையாது.

கேட்பவரை எங்கே நிறுத்துவது

பதிவுக்குப் போகும் முன்பே முடிவு செய்ய வேண்டியது இது. திரைப்படத்தில் கேமரா எங்கே வேண்டுமானாலும் தாவலாம். ஒலிக்கதையில் கேட்பவருக்கு ஓர் உடம்பு இருக்கிறது. அந்த உடம்பைக் காரணமில்லாமல் தூக்கி வேறிடத்தில் போட்டால் அவர் குழம்பிப்போவார்.

திருவூடலில் முழுக் கதையும் கதவில்தான் திரும்புகிறது. அந்தக் கதவு சாத்தப்படும்போது நம் ஆள் உள்ளே அம்மனோடு இருக்கிறாரா, வெளியே சுவாமியோடு நிற்கிறாரா? வெளியே நிற்பது எளிது. அங்கே கூட்டம் உண்டு, மேளம் உண்டு, சுவாமியோடு குமரக்கோயிலுக்கும் மலைக்கும் போய்விடலாம். பார்க்கிற பக்தர்களும் அந்தப் பக்கம்தான் நிற்கிறார்கள். உள்ளே நின்றால் கதவு மூடிய பிறகு ஒன்றுமே நடக்காது. ஒரு விளக்கு எரியும், யாரோ நடப்பார், தெருவில் போகும் மேளம் தேய்ந்து தேய்ந்து மறையும். என் கருத்தில் கதை அங்கேதான் இருக்கிறது. கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தியவளுக்கு வெளியே போகிறவரின் சத்தம் எப்படிக் கேட்கும் என்பதைவிட இந்த ஊடலைச் சொல்ல வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எனவே நம் அமைப்பு இப்படி: தெருவில் கேட்பவர் அம்மனின் பக்கம் நிற்பார், அம்மனோடு திரும்புவார், கதவு சாத்தும்போது உள்ளே இருப்பார். இரவுக்குப் பின் ஒரே ஒரு முறை இடம் மாறும், மறுநாள் காலை மலைப்பாதைக்கு. அந்த மாற்றத்தை வண்டு செய்து கொடுக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

கருவி இல்லாமல் ஒரு சுற்று

திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே ஊருக்குப் போய்விடுங்கள். கையில் ஒரு நோட்டு போதும். பக்கத்தை நான்கு பத்தியாகப் பிரித்து நேரம், இடம், யார் செய்கிற ஒலி, எந்தத் திசையில் எவ்வளவு தொலைவு என்று எழுதுங்கள். மாட வீதிகளில் ஒரு நாள் முழுக்க இப்படி எழுதினால், நினைத்துப் பார்க்காத விஷயங்கள் வரிசைக்கு வரும். விடியலில் ஷட்டர் தூக்குகிற கடை, பால் கேன், வாசல் தெளிக்கும் தண்ணீர், பூக்கட்டுகிறவர்களின் பேச்சு, தகரக் கூரையில் குதிக்கும் குரங்கு, ரமணாசிரமம் பக்கம் போனால் மயில்.

மார்கழி, தை மாதத்து விடியலில் இன்னொன்றையும் கவனிப்பீர்கள். பகலில் கேட்காத தொலைதூரத்துச் சத்தங்கள் அப்போது பக்கத்தில் இருப்பதுபோலக் கேட்கும். இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று மேலே உள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. குளிர்காற்றில் ஒலி மெதுவாகப் போவதால், மேல்நோக்கிப் போகும் ஒலியலை வளைந்து மீண்டும் தரைப்பக்கம் இறங்குகிறது. வெயில் ஏறியதும் இது தலைகீழாகிவிடும். தொலைவிலிருந்து வரும் மேளம், மணி, ரயில் எல்லாவற்றுக்கும் இந்த நேரத்தைக் குறித்து வையுங்கள்.

பெரிய தொல்லை ஒலிபெருக்கி. கிரிவலப் பாதையில் கடைக்குக் கடை ஒரே நாமம் பதிவில் சுழன்றுகொண்டே இருக்கும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கி கூடாது. அதனால் பின்னணி ஒலிகளுக்கு அதிகாலை மூன்றிலிருந்து ஐந்து வரையே ஏற்ற வேளை. பௌர்ணமியையும் வார இறுதியையும் தவிர்த்துவிடுங்கள். ஒலிபெருக்கியை அறவே நீக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இன்றைய திருவண்ணாமலையில் அதுவும் ஒரு குரல்தான். தெருக்கோடியில் ஓரிடத்தில், தொலைவில், நீங்கள் வைத்த அளவில் வரட்டும்.

பதிவு

நான்கு பொருள் போதும்: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியும் கையடக்க ரிக்கார்டர், காற்றுத் தடுக்க மைக்குக்கு ரோம உறை, காதை முழுதாக மூடும் ஹெட்போன், இரண்டு சிறிய காலர் மைக். காலர் மைக்குகளை உங்கள் இரண்டு காதின் ஓரத்தில் பொருத்திக்கொண்டால் இருகாதுப் பதிவு கிடைக்கும். வலப்பக்கம் எழும் ஓசை இடது காதுக்குப் போய்ச் சேர அதிகபட்சம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான, சுமார் 0.6 மில்லிசெகண்ட் தாமதம் ஆகும். நடுவில் தலை மறைப்பதால் கூர்மையும் குறையும். இந்த நுண்ணிய வேறுபாட்டை வைத்தே மூளை திசை கண்டுபிடிக்கிறது. காதோரத்தில் பதிந்ததை ஹெட்போனில் கேட்டால் அந்தத் திசை அப்படியே திரும்பக் கிடைக்கிறது. ஒலிபெருக்கியில் போட்டால் கிடைக்காது. இதைக் கேட்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வசதி உள்ளவர்கள் நான்கு காதுள்ள ஆம்பிசானிக்ஸ் மைக் வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் 1970களில் மைக்கேல் கெர்சான் உருவாக்கிய முறை அது. பதிந்த பிறகும் ஒலிவெளியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம். முதல் படைப்புக்கு அது கட்டாயமில்லை.

அளவு வைக்கும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். நாதஸ்வரமும் தவிலும் அருகில் வந்தால் திடீரென்று எகிறும். வெட்டவெளியில் தொலைவு இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும் என்பது கணக்கு. தெருவில் இருபக்கச் சுவர் இருப்பதால் அந்த அளவுக்குக் குறையாது. ஒரு முறை ஒரு மீட்டர், நான்கு மீட்டர், பதினாறு மீட்டர் என்று பின்னால் போய்ப் பதிந்து பாருங்கள். தவிலின் வலந்தலை ‘சள்’ளென்று காதில் விழுவது அருகில் மட்டும்தான். தொலைவில் தொப்பியின் கும்காரமும் நாதஸ்வரத்தின் நடு ஸ்வரங்களும்தான் மிஞ்சும். அருகில் பதிந்ததன் சத்தத்தைக் குறைத்து வைத்தால் அது தொலைவு ஆகிவிடாது. சின்னதாகிப்போன பக்கத்து மேளமாகவே கேட்கும். தொலைவு வேண்டுமென்றால் தொலைவில் நின்றே பதிய வேண்டும்.

ஒவ்வோர் இடத்திலும் ஒன்றும் நடக்காதபோது இரண்டு நிமிடம் அசையாமல் நின்று அந்த இடத்தின் வெறும் ஓசையைப் பதியுங்கள். திருவூடல் தெரு ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவிதமாகவும், கோயில் பிரகாரம் நடை சாத்தும் நேரத்தில் வேறுவிதமாகவும் இருக்கும். ஒட்டுப்போடும்போது இதுதான் கைகொடுக்கும்.

தெருவும் கதவும்

கூட்டத்தின் காலடிகளைப் பற்றி ஒரு தகவல். ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தின் ஒலியை அமைத்த வால்ட்டர் மர்ச் கண்டு சொன்னது இது: ஒருவர் நடந்தால் காது ஒவ்வோர் அடியையும் தொடரும், இருவர் நடந்தாலும் தொடர முயலும், மூவர் ஆனதும் எண்ணுவதை விட்டுவிட்டுக் கூட்டம் என்று எடுத்துக்கொள்ளும். சுவாமியைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம்தாங்கிகளைப் பதிவு செய்யும்போது இது அப்படியே பயன்படும். எல்லோருடைய காலடியும் வேண்டியதில்லை. இருவரின் வெற்றுக்கால் ஓசையையும் மூச்சையும் மிக அருகில் பதியுங்கள். தோள்மாற்றும்போது வரும் சின்னக் குரல், தண்டு முனகுவது, மணல் நெரிவது எல்லாம் அதிலேயே வந்துவிடும். அதன் அடியில் கூட்டத்தின் பொதுவான நடையைப் பரப்பினால் தெரு நிறைந்துவிடும்.

முன்னும் பின்னுமான ஆட்டத்தில் இரண்டு பக்கத்து இசையும் ஒன்றோடொன்று மோதும். அதைப் பிரித்துத் தெளிவாக்க வேண்டும் என்று கை பரபரக்கும். வேண்டாம், சண்டை குழம்பியே இருக்கட்டும். ஒன்றே ஒன்றைத் தெளிவாக வைத்தால் போதும்: அம்மனின் பக்கத்து மூச்சும் காலடியும் எப்போதும் நெருக்கத்தில் இருக்க வேண்டும். சுவாமியின் பக்கத்திலிருந்து வருவது நெருங்கும், விலகும், மறுபடி நெருங்கும். கேட்பவர் யார் பக்கம் நிற்கிறார் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

இனி கதவு. கோயிலின் பெரிய மரக்கதவு சாத்தப்படுவதில் குறைந்தது ஐந்து ஒலிகள் இருக்கின்றன. கீழ்க்குடுமி கல்லில் அரைபட்டுத் திரும்பும் கனமான உறுமல். கதவில் தொங்கும் சிறு மணிகள் குலுங்குவது. இரண்டு பலகையும் சேரும்போது மார்பில் படுகிற ஒரு மொத்து. தாழ்ப்பாள் இரும்பு உராய்வது. கடைசியாக, உள்ளிருக்கும் கல்மண்டபம் அந்த மொத்தை வாங்கிச் சிறிது நேரம் வைத்திருந்து விடுவது. இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாக, பல தடவை, நெருக்கத்திலும் தள்ளி நின்றும் பதிய வேண்டும். பெரிய கோயிலில் இதற்கு வாய்ப்பு கிடைக்காவிட்டால், அதே அளவுக் கதவுள்ள சுற்றுவட்டாரச் சிவன் கோயில் ஒன்றின் குருக்களிடம் கேளுங்கள். விடியலில் நடை திறக்கும்போது இருபது நிமிடம் பொறுத்துக்கொள்ள அவர் சம்மதிப்பார்.

கதவு மெல்ல மூடும்போது தெருவின் ஓசை மாறுவதைத்தான் மிகக் கவனமாகச் செய்ய வேண்டும். முதலில் போவது மிக உச்சமான சத்தங்கள்: சேகண்டியின் கூர்மை, கைத்தாளம், கூட்டத்தின் ‘ச’, ‘ஸ’ ஓசைகள். அடுத்து நாதஸ்வரத்தின் கணீர். முழுக்கச் சாத்திய பின் தவிலின் அடிநாதம் மட்டும் மரத்தையும் கல்லையும் தாண்டி வரும். எடிட்டிங் மென்பொருளில் ஒரு லோ-பாஸ் ஃபில்டரைத் திறந்த நிலையில் தொடங்கி, கதவு மூடும் ஏழெட்டு நொடிக்குள் 700, 800 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். அதே வேகத்தில் மண்டபத்தின் வெறும் ஓசை மேலே ஏறட்டும். மொத்து விழுந்த பிறகு மூன்று நொடி எதையும் சேர்க்காதீர்கள். கேட்பவர் தன் மூச்சைத் தானே கேட்பார்.

பிறகு ஒரு நிமிடம், விருப்பமிருந்தால் இரண்டு நிமிடம், மேளம் தேய்கிறது. உள்ளே யாரோ விளக்குக்கு எண்ணெய் விடுகிறார். வளையல் ஒரு தடவை ஒலிக்கிறது. இந்தப் பகுதியைச் சுருக்கச் சொல்லி எல்லோரும் உங்களிடம் சொல்வார்கள். சுருக்காதீர்கள்.

வண்டும் மலையும்

பிருங்கியை எந்தக் குரலும் இல்லாமல் கொண்டுவர முடிகிறது என்பது இந்தக் கதை நமக்குத் தருகிற பரிசு. மண்டபத்தின் நிசப்தத்தில் மெதுவாக ஒரு வண்டின் ரீங்காரம். அது கேட்பவரின் தலையைச் சுற்றவே கூடாது. கொஞ்சம் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத வேறு யாரையோ சுற்ற வேண்டும். கேட்பவர் அம்மனின் இடத்தில் இருக்கிறார் அல்லவா, வண்டு அவரைத் தவிர்த்துவிட்டுப் போகிறது. இதைச் செய்யக் காதோர மைக்குகளை மாட்டிக்கொண்டு ஒருவர் உட்கார, இரண்டடி தள்ளி இன்னொருவரை உட்காரவைத்து, அவரைச் சுற்றி ஒலிமூலத்தை எடுத்துச் செல்லுங்கள். கருவண்டு ஒன்றின் ரீங்காரத்தை முன்பே தனியாகப் பதிந்து, சிறு ஸ்பீக்கரில் போட்டபடி நடந்தாலே போதும். மென்பொருளில் சுழற்றுவதைவிட இது உயிரோடு இருக்கும். நடக்கிறவரின் கை தளர்வதும் வேகம் மாறுவதும்கூட ஒலியில் பதிந்துவிடும்.

அந்த ரீங்காரம் நீண்டு, மண்டபத்தின் எதிரொலி கழன்று, வெட்டவெளிக்கு வருகிறது. விடிந்துவிட்டது. மலைப்பாதை.

கிரிவலம் 14 கிலோமீட்டர். வலமாகச் சுற்றுவதால் மலை எப்போதும் வலக்கைப் பக்கம். இந்த ஒரு விதியை ஒலியில் கடைப்பிடித்தால் கேட்பவருக்குச் சொல்லாமலே கிரிவலம் புரிந்துவிடும். வலது காதில் மலை: காற்று, பறவை, குரங்கு, பாறையில் பட்டுத் திரும்பும் மேளம். இடது காதில் ஊர்: சைக்கிள், டீக்கடை, தூரத்து லாரி, கும்பிட வந்த பெண்களின் பேச்சு. வலப்பக்கத்தில் ஓர் ஊர்தி ஓசைகூட வரக்கூடாது. வந்தால் மலை காணாமல் போய்விடும்.

மலையின் எதிரொலியைக் கணக்குப் போட்டே அமைக்கலாம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். பாறைமுகம் 175 மீட்டர் தள்ளி இருந்தால் தவிலின் ஓர் அடி சரியாக ஒரு நொடி கழித்துத் திரும்பி வரும். கேட்பவரை மலைக்கு நெருக்கமாகக் கொண்டுபோக வேண்டுமா, அந்த ஒரு நொடியை மெல்ல அரை நொடியாக்குங்கள்.

படைப்பு முடிந்த பிறகு இதே பகுதியை மட்டும் தனியாக எடுத்து, கிரிவலப் பாதையிலேயே நடந்துகொண்டு கேட்கும்படியும் வெளியிடலாம். கனடாக் கலைஞர் ஜேனட் கார்டிஃப் 1991இல் பான்ஃபில் தொடங்கி இத்தகைய நடைப்பதிவுகளைச் செய்துவருகிறார். பதிந்த அதே பாதையில் கேட்பவர் நடப்பதால், காதில் கேட்கும் காலடி தனதா பதிவினதா என்ற மயக்கம் வரும். ஒரு எச்சரிக்கை: நெரிசலும் வாகனமும் உள்ள பாதையில் காதை முழுக்க மூடும் ஹெட்போன் ஆபத்து. வெளி ஓசையை உள்ளே விடும் வகையைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

குரல் வேண்டுமா?

இந்தியாவில் இடத்தின் கதையை ஒலியால் சொல்வதென்றால் உடனே நினைவுக்கு வருவது ஒலி-ஒளிக் காட்சி. 1952இல் பிரான்சின் ஷாம்போர் அரண்மனையில் பிறந்த வடிவம் அது. மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் 1981 முதல் சிலப்பதிகாரக் கதை அப்படிச் சொல்லப்படுகிறது. அதில் கட்டடம் கண்ணெதிரே நிற்கிறது, விளக்கு இடம் காட்டுகிறது, வசனம் கதையைக் கொண்டுபோகிறது. நம்மிடம் கட்டடமும் விளக்கும் இல்லாததால், வசனத்தை நம்பினால் படைப்பு வானொலி நாடகமாகிவிடும். அதில் இழிவு ஒன்றுமில்லை. ‘திருவிளையாடல்’ படத்தின் ஒலிச்சித்திரத்தை வானொலியிலும் கோயில் திருவிழா ஒலிபெருக்கியிலும் கேட்டே முழுப் படத்தையும் மனக்கண்ணில் ஓட்டிய தலைமுறைகள் தமிழில் உண்டு. கேட்டுப் பார்க்கத் தெரிந்த நேயர்கள் நமக்கு இருக்கிறார்கள் என்பதற்கு அது சான்று. இருந்தாலும் இங்கே குரல் குறைவாக இருப்பதே நல்லது.

அறவே இல்லாமலும் முடியாது. பிருங்கி யார் என்று தெரியாத இளைஞருக்கு வண்டு வெறும் வண்டுதான். என் யோசனை தெருக்கூத்திலிருந்து வருகிறது. கூத்துக்குப் பேர்போன புரிசை இந்தத் திருவண்ணாமலை மாவட்டத்து ஊர்தான். கூத்தில் கட்டியக்காரன் கதைக்குள்ளும் நிற்பான், வெளியிலும் நிற்பான். ராஜாவோடும் பேசுவான், நம்மோடும் பேசுவான். திருவூடலின் கட்டியக்காரனாகக் கூட்டத்திலிருந்து ஒரு வயதான பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூட்டத்தில் எக்கிப் பார்த்தபடி, “சாமி வந்துகினு இருக்குது பாரு... அம்மா கோவமா இருக்குறாங்க” என்று அந்தக் குழந்தைக்குச் சொல்கிற பேச்சு. மொத்தமாக ஒரு நிமிடம் வந்தால் அதிகம். வட ஆற்காட்டுப் பேச்சு அப்படியே இருக்கட்டும். மேடைத் தமிழாகத் திருத்தாதீர்கள். ஸ்டூடியோவில் பதியாமல் தெருவிலேயே பதியுங்கள், சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பேசுவதில் தானாக ஒரு தாளம் வந்துவிடும். கதவு சாத்திய பிறகு அந்தக் குரல் திரும்ப வரக்கூடாது. மறுவூடலில், கதவு திறக்கும்போது, குழந்தை கேட்கும் ஒரு கேள்வியாக வரலாம்.

அடுக்குவதும் சோதிப்பதும்

ஆடாசிட்டி இலவசம், ரீப்பர் மலிவு, எதுவானாலும் சரி. ஒரு நேரத்தில் மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம்: இடத்தின் ஓசை, நெருக்கத்தில் நடக்கிற ஒரு செயல், தொலைவில் ஒன்று. நான்காவதைச் சேர்க்கத் தோன்றினால் முதல் மூன்றில் ஒன்றை இறக்குங்கள். இசையைப் பின்னணியாகத் தனியே சேர்க்காதீர்கள். ஊர்வலத்திலேயே நாதஸ்வரம் இருக்கும்போது வயலினுக்கு அங்கே என்ன வேலை?

முடித்ததும் முதலில் பார்வையற்ற ஒருவரிடம் போட்டுக் காட்டி அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். 2009இல் ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி நடித்த ‘ஒரு கதை சொல்லட்டுமா’ படத்தின் கதையே, பார்வையற்றவர்களுக்காகத் திருச்சூர் பூரத்தை ஒலியில் பதிவு செய்வதுதான். பார்வையுள்ள நண்பர்கள் “சூப்பர், கோயில்லயே இருக்கற மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். பார்வையற்ற ஒருவர், சுவாமி எந்தப் பக்கம் போனார், கதவு எத்தனை அடி உயரம், மண்டபத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்பார். அந்தக் கேள்விகளுக்கு உங்கள் படைப்புக்குள் பதில் இல்லையென்றால் அங்கே வேலை பாக்கி இருக்கிறது.

அனுமதியும் சம்பளமும்

கோயில்களுக்குள் செல்பேசி கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. செல்பேசியே கூடாத இடத்தில் ரிக்கார்டரை மறைத்துக் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம். பிரகாரத்தில் பதிவு செய்ய அறநிலையத் துறையின் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்து மூலம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தெருவிலும் பாதையிலும் கிடைப்பதை வைத்தே இந்தப் படைப்பில் பெரும்பகுதியை முடிக்கலாம். கிரிவலப் பாதையில் உட்கார்ந்திருக்கும் சாதுக்களின் பேச்சையும் பிரார்த்தனையையும் கேட்காமல் பதியாதீர்கள்.

மேளக்காரர்களுக்குத் தனியாக ஒரு நாள் கூலி பேசி, பதிவு எதற்கு என்று சொல்லி, ஒப்புதல் வாங்குங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆவது பிரிவு நிகழ்த்துபவருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. நாதஸ்வரம் வாசிப்பவரும் தவில் அடிப்பவரும் அதில் அடக்கம். அவர்களில் பலருக்கு இது தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். கதவைச் சாத்திக் கொடுத்தவர், சுவாமி தூக்கியவர், பேத்தியிடம் பேசிய பாட்டி என்று எல்லோருடைய பெயரையும், அவர்கள் சம்மதித்தால், படைப்பின் முடிவில் ஒருவர் வாயால் படிக்கச் செய்யுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பென்டிரைவில் கேட்கத் தெரியாதவர் வீட்டுக்கு ஹெட்போனோடு நேரில் போய்ப் போட்டுக் காட்டுங்கள்.